லாபம், ரெண்டு, மூணு

நெட்டுக்குப்பம், எண்ணூர்
12 ஜூலை 2024

அன்புள்ள ரேச்சல்,

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கிறேன். ஜபல்பூரில் கடல்மீன் கிடைக்காது என்றாய். அதற்காக வெறும் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு ஆய்வு செய்யாதே.

நீ கேட்ட சேறு இந்தப் பெட்டியில் இருக்கிறது. ஆற்றில் ஆறு இடம், இடத்துக்கு மூன்று பாட்டில், ஆக மொத்தம் பதினெட்டு. தண்ணீர் வற்றிய நேரமாகப் பார்த்து, இரும்பு படாமல், நீ அனுப்பிய பிளாஸ்டிக் கரண்டியால்தான் எடுத்தேன். என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு உன் மாமா படகைப் பிடித்துக்கொண்டார், நான் இறங்கினேன். மூன்றாவது இடத்தில் இடுப்புவரை உள்ளே போய்விட்டேன். அவர் கை கொடுத்து இழுத்துவிட்டு, "நண்டு புடிக்கச் சொல்லோ இப்டி எறங்க மாட்டே, தங்கச்சி கேட்டா மட்டும் முங்கிடுவியா?" என்றார். காலில் இன்னும் அரிப்பு போகவில்லை.

அந்த லேப்பில் யாருக்கும் தமிழ் தெரியாது, மூடியில் இங்கிலீஷில் எழுது என்றாய். எழுதியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு இங்கிலீஷ்தான், ஆனாலும் எழுத்து முத்து முத்தாக இருக்கும், பார்.

போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லியே வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் உட்கார்ந்து படிப்பாய்.

குப்பத்தில் எல்லாரும் உன் கட்டுரையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நண்டு குறைந்துபோனதை நாங்கள் வாயால் சொன்னால் ஆபீசர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அச்சில் வந்தால் கேட்பார்கள் இல்லையா?

வயிறு காயாமல் இரு.
உன் அக்கா
சுகிர்தம்


ஜபல்பூர்
3 ஆகஸ்ட் 2024

அன்பு அக்காவுக்கு,

நான் சாப்பிடுகிறேன். பிஸ்கட் மட்டும் இல்லை, நம்பு. மாமாவுக்கு என் வணக்கம். உன் கால் அரிப்புக்கு டாக்டரைப் பார்த்தாயா?

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் ஊரில் இல்லை. ஒவைஸ் என்று ஒருவர் எங்கள் ஆய்வகத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். அவரே பிரித்து, மூடியில் இருந்ததைப் பார்த்துப் பட்டியல் போட்டு, பரிசோதனையும் தொடங்கிவிட்டார். அருமையான மனிதர், தவறே செய்யமாட்டார்.

நான் போனது பத்து நாள் பயிற்சிக்கு. ஆய்வுக் கட்டுரையை எப்படி எழுதுவது, எந்த இதழுக்கு அனுப்புவது, மேடையில் எப்படிப் பேசுவது என்று எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். நான் எழுதிய முதல் பக்கத்தை வகுப்பு நடத்தும் மேடம் சிவப்பு மையால் குளிப்பாட்டிவிட்டார். 'நான்', 'நாங்கள்' எல்லாம் வரக்கூடாதாம். என் அக்கா சேறு எடுத்தாள் என்று எழுதக்கூடாது, சேறு எடுக்கப்பட்டது என்று எழுத வேண்டும். மேடையில் ஒரு படத்துக்கு ஒரு நிமிடம். முக்கியமான வரிக்கு முன்னால் மூன்று நொடி நிறுத்தி, மூன்றாவது வரிசையில் இருப்பவரைப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகுகிறேன். முதல் நாள் குரல் நடுங்கியது. இப்போது பரவாயில்லை.

செப்டம்பர் முப்பதுக்குள் கட்டுரை போக வேண்டும் என்று என் ஆய்வுக்கு வழிகாட்டும் சார் சொல்லிவிட்டார். இந்தக் கட்டுரை வந்தால்தான் என் பட்டத்துக்கு வழி.

எப்போதும் உன் நினைவோடு,
ரேச்சல்


நெட்டுக்குப்பம்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரேச்சல்,

கால் ஆறிவிட்டது. டாக்டரிடம் போகவில்லை, தேங்காய் எண்ணெய்தான். உன் உடம்பைச் சொல்.

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். சேறு எடுக்கப்பட்டது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "இன்னா மே இது? ஆத்துல எறங்கினது நீ, படகு புடிச்சது நானு. இதுல நம்ம தலையே காணோமே? சேறு தானா நடந்து போயி பாட்டில்ல ஏறிக்கிச்சா?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. யார் எடுத்தது என்று இல்லாவிட்டால், ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

மார்க்கெட்டில் மூன்று நொடி நிறுத்தினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். நீ மட்டும் நிறுத்து. பரவாயில்லை, பெரிய இடம்.

பட்டம் வரட்டும். குப்பத்தில் முதல் டாக்டர் நீதான், ஊசி போடாத டாக்டர்.

அக்கா
சுகிர்தம்


ஜபல்பூர்
26 அக்டோபர் 2024

அன்பு அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. காய்ச்சல் வந்து போனது, இப்போது நலம். மழை அங்கே எப்படி? வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே?

கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது! அடுத்த மாதமே வெளியாகும் என்கிறார்கள். சார் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்.

முடிவு நாம் நினைத்தபடி இல்லை. ஆற்றுச் சேற்றில் ஈயமும் மற்ற உலோகங்களும் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கின்றன. எந்த மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் உலோகம் இருக்கும். அதனால் ஒப்பிடுவதற்கென்று சுத்தமான இடத்து மண்ணையும் சோதித்து, அந்த அளவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் எழுத வேண்டும். கழித்தபின் மிச்சம் மிகக் குறைவு. எனக்கே வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஒரு வகையில் நல்ல செய்திதானே?

சேறு எடுத்த விதம், பாட்டிலில் அடைத்து அனுப்பிய விதம் எல்லாவற்றையும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். சொற்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று அதைத்தான் முதலில் வெட்டவேண்டி வந்தது. கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ரேச்சல்


நெட்டுக்குப்பம்
12 நவம்பர் 2024

அன்புள்ள ரேச்சல்,

காய்ச்சல் என்று இப்போது சொல்கிறாய். அப்போது சொல்லியிருந்தால் ஒரு செபமாலையாவது சொல்லியிருப்பேன். இங்கே வாசல்வரை தண்ணீர் வந்து திரும்பிவிட்டது.

கட்டுரைக்கு வாழ்த்து. நல்ல செய்தி என்று எழுதியிருக்கிறாய், படித்தேன். மறுபடியும் படித்தேன். எனக்கு விளங்கவில்லை. போன வாரம் வலையில் ஏறிய நண்டில் பாதி, கையில் எடுக்கும்போதே செத்திருந்தது. ஓட்டின் உள்ளே சாம்பல் நிறம். உன் மாமா, "நல்லா கீதுன்னா நல்லதுதான், ஆனா அந்த நண்டுங்களுக்கு யாரு போய் சொல்றது?" என்றார்.

நான் எடுத்ததில் ஏதாவது தவறா? ராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்ன ஆழம், சொன்ன இடம், எதுவும் மாறவில்லை. மூடியிலும் ஒழுங்காகத்தான் எழுதினேன். ஒவ்வோர் இடத்துக்கும் லாபம், ரெண்டு, மூணு. நண்டு எண்ணும்போது முதலாவதை நான் ஒன்று என்று சொன்னதே இல்லை, உனக்குத் தெரியாததா? ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடும். பேனாவை எடுத்தபோதும் கை அதைத்தான் எழுதியது. LABAM என்று முழுக்க எழுத அந்தச் சின்ன மூடியில் இடமில்லை. அதனால் LAB என்று எழுதி, அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 3. குழப்பம் வர வழியே இல்லை.

வேறு எங்கே தவறு என்று பார்த்து எழுது.

அக்கா
சுகிர்தம்


ஜபல்பூர்
22 ஜனவரி 2025

அன்பு அக்கா,

கிறிஸ்துமஸுக்கு வரமுடியவில்லை. புத்தாண்டுக்கும் போன் செய்யவில்லை. வேலை அதிகம். எல்லாரும் சுகம்தானே?

போன வாரம் நாக்பூரில் ஒரு கருத்தரங்கு. நம் ஆற்றுக் கட்டுரையைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். சிறந்த உரைக்கான பரிசு எனக்குக் கொடுத்தார்கள். கேடயத்தின் படத்தை அனுப்பச் சொல்லாதே, என் முகம் அதில் நன்றாக இல்லை.

இங்கே குளிர் கடுமை. நீ கேட்டதற்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

ரேச்சல்


நெட்டுக்குப்பம்
16 பிப்ரவரி 2025

ரேச்சலுக்கு,

பரிசு வாங்கியதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள் நான். படமுடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தள்ள ஆற்றோரமாகப் புதிதாகக் குழாய் பதிக்க ஒரு கம்பெனி வருகிறது. மே மூன்றாம் தேதி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். குழாய் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் ஆள் திரட்டிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் கம்பெனிக்காரர்கள் வீடு வீடாக ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார்கள். தமிழில் அச்சடித்திருக்கிறார்கள். ஆற்றுச் சேறு பாதுகாப்பாக இருக்கிறது என்று இந்த ஊர்ப் பெண்ணே ஆராய்ந்து எழுதியிருக்கிறார் என்று போட்டு, கீழே உன் பெயர்.

குப்பத்துச் செயலாளர் பக்தவச்சலம் அந்தத் தாளோடு நேராக என் கூடைக்கு முன்னால் வந்து நின்றார். "இன்னா சுகிர்தம், உன் தங்கச்சியே ஆறு சோக்கா கீதுன்னு எயுதிக் குட்த்துட்டா, நாங்க எதுக்கு வெயில்ல நின்னு கத்திகினு கெடக்கணும்?" என்றார். கம்பெனி உனக்கு ஏதோ கொடுத்திருக்கிறது என்று பேசுகிறார்கள். நான் சண்டை போட்டேன். என் தங்கை பொய் எழுதமாட்டாள் என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

நவம்பரில் நான் ஒரு கேள்வி கேட்டேன். அதற்குப் பதில் எழுது. போன் செய்தாலும் நீ எடுப்பதில்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் அதையாவது சொல், பயமாக இருக்கிறது.

சுகிர்தம் அக்கா


ஜபல்பூர்
30 மார்ச் 2025

அன்பு அக்கா,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்காகக் கத்தினாய் என்று படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. இதை ஐந்தாறு முறை எழுதிக் கிழித்துப்போட்டேன்.

தவறு உன் பாட்டிலில்தான் தொடங்குகிறது, ஆனால் அது உன் தவறு இல்லை. இங்கே LAB என்றால் ஆய்வகம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு LAB பாட்டில் இருப்பதைப் பார்த்த ஒவைஸ், அது ஒப்பிடுவதற்காக அனுப்பிய சுத்தமான மண் என்று எண்ணிவிட்டார். அதில் இருந்த அளவை மற்ற இரண்டிலிருந்தும் கழித்துவிட்டார். நம் சேற்றிலிருந்து நம் சேற்றையே கழித்தால் என்ன மிஞ்சும்? அந்த மிச்சத்தைத்தான் நான் கட்டுரையாக எழுதினேன். கழிக்காமல் பார்த்தால் ஆறில் ஐந்து இடத்தில் ஈயம் அளவை மீறுகிறது.

ஒவைஸின் பட்டியலில் LAB என்று பார்த்தபோது, அவர் வைத்திருக்கும் சுத்த மண் என்று நானும் நினைத்தேன். சுத்த மண்ணில் இவ்வளவு ஈயம் இருக்க வழியில்லையே என்று செப்டம்பரிலேயே ஒரு நாள் தோன்றியது. சாரிடம் சொன்னேன். இயந்திரத்தின் குறையாக இருக்கும், கழித்துவிட்டு முப்பதாம் தேதிக்குள் அனுப்பு என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. உனக்கு ஒரு போன் செய்திருந்தால் போதும்.

உன் நவம்பர் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். லாபம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேறு யாருக்கும் விளங்கியிருக்காது. கட்டுரை அப்போதுதான் வெளியாகியிருந்தது. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு நாக்பூர் வந்தது. முக்கியமான வரிக்கு முன்னால் மூன்று நொடி நிறுத்தினேன், அக்கா. பொய் என்று தெரிந்தே நிறுத்தினேன்.

இப்போது சாரிடம் சொல்லிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெற ஓர் அறிவிப்பு எழுத வேண்டும். பயிற்சியில்லாத உள்ளூர்ப் பெண் பாட்டிலில் தவறாகக் குறித்ததால் ஏற்பட்ட பிழை என்று எழுதச் சொல்கிறார். அப்படி எழுதினால் என் பட்டம் தப்பிக்கும். ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

ரேச்சல்


நெட்டுக்குப்பம்
6 ஏப்ரல் 2025

ரேச்சல்,

இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. விசாரிக்கவும் ஒன்றுமில்லை.

பாட்டில் போனால் போகட்டும். இரண்டு பேருக்கு நடுவே ஒரு சொல் மாறிப்போனதற்காக யாரும் சாகமாட்டார்கள். நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தது வேறு. நவம்பர் பாதி, டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச். அந்த நான்கு மாதத்தில்தான் அந்தத் தாள் அச்சானது. அந்த நான்கு மாதத்தில்தான் நான் மார்க்கெட்டில் நின்று என் தங்கை பொய் எழுதமாட்டாள் என்று சத்தியம் செய்தேன். நான் எடுத்ததில் குற்றமோ என்று எத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன் தெரியுமா? ஒரு வரி போட்டிருக்கலாம், அக்கா உன்மேல் தவறில்லை என்று.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறாய். சார் சொன்னதையே எழுதிக்கொள். உள்ளூர்ப் பெண் என்று மொட்டையாகப் போடாதே, சுகிர்தம் என்று பெயரைப் போடு. கட்டுரையில்தான் நான் இல்லை, குற்றத்திலாவது இருந்துவிட்டுப் போகிறேன். உன் பட்டம் தப்பிக்கும். எனக்குப் போவதற்கு என்ன பட்டம் இருக்கிறது? ஆனால் அதை மே மூன்றுக்கு முன்னால் செய். குழாய் வந்துவிட்டால் பிறகு நீ என்ன எழுதினாலும் எங்களுக்கு உதவாது.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்று உன் மாமாவிடம் போனில் சொன்னாயாம். வராதே. உன் முகத்தைப் பார்த்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

சுகிர்தம்


ஜபல்பூர்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், தூங்குகிறாயா?

இதழுக்கு நேற்று அனுப்பிவிட்டேன். அவர்கள் வெளியிட இரண்டு மாதம் ஆகலாம். அதனால் அனுப்பியதன் நகலில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியதையே தமிழில் தருகிறேன்.

'இந்தக் கட்டுரையை நான் திரும்பப் பெறுகிறேன். இதன் முடிவு தவறு. சேற்றை எடுத்தவர் நெட்டுக்குப்பத்தில் நண்டு விற்கும் சுகிர்தம். நான் கேட்டுக்கொண்டபடி அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். முதல் பாட்டிலைத் தம் தொழில் வழக்கப்படி குறித்தார். அந்த வழக்கம் எனக்குச் சிறுவயது முதல் தெரியும். அவர் எப்படிக் குறித்தார் என்று நான் கேட்கவில்லை. எண்கள் பொருந்தவில்லை என்பதைச் செப்டம்பரில் பார்த்தும் கட்டுரையை அனுப்பினேன். பிழையின் காரணத்தை 2024 நவம்பர் 18 அன்று அறிந்தேன். 2025 மார்ச் 30 வரை யாரிடமும் சொல்லவில்லை. இடையில் இதே கட்டுரையைப் பற்றிப் பேசி ஒரு பரிசு பெற்றேன். அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். திருத்திய எண்கள் கீழே உள்ளன.'

சார் இதில் கையெழுத்திட மறுத்துவிட்டார். இனி என் ஆய்வுக்கு வழிகாட்ட மாட்டாராம். வேறு ஆள் கிடைக்காவிட்டால் நான்கு வருடம் வீண். ஒவைஸ் மட்டும் வந்து, தான் போட்ட பட்டியலின் நகலைக் கொடுத்து, தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

பயமாக இருக்கிறது, அக்கா. ஆனால் நேற்று இரண்டு வேளை சாப்பிட்டேன்.

ரேச்சல்


நெட்டுக்குப்பம்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள ரேச்சல்,

நேற்று ஈஸ்டர் பூசைக்குப் போய்வந்தோம். உன் மாமாவுக்கு இருமல், மற்றபடி சுகம். நான் தூங்குகிறேன்.

உன் காகிதத்தைச் சமூகக்கூடத்தில் வைத்து பக்தவச்சலம் எல்லாருக்கும் படித்தார். படித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒருத்தி எழுந்து, "நாலு மாசம் வாய மூடிக்கினு இருந்தவள இப்ப மட்டும் எப்டி நம்புறது?" என்று கேட்டுவிட்டு வெளியே போனாள். நியாயம்தான். அவளை நான் தடுக்கவில்லை. பக்தவச்சலம் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வெறும் காயிதம் பத்தாது சுகிர்தம். இது யாரு எயுதினதுன்னு கம்பெனி வக்கீலு கேப்பான். ஆளு வந்து நிக்கணும்."

நவம்பர் 18 என்ற தேதியை நீ போடாவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும், ஆனால் கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். என்மேல் போடு என்றுதான் எழுதினேன், மனதாரத்தான் எழுதினேன். நீ போடவில்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்ற வரியை உன் மாமாவுக்குப் படித்துக்காட்டும்போது பாதியில் நிறுத்திவிட்டேன். அவர்தான் என் கையிலிருந்து வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார்.

கூட்டம் மே மூன்று, சனிக்கிழமை காலை பத்து மணி. நீ முதல் நாளே வந்துவிடு. எல்லாரும் உன்னைத் திட்டுவார்கள், ஒருவரையும் நான் அடக்கமாட்டேன். அவர்கள் ஓய்ந்த பிறகு நானும் திட்டுவேன், எனக்குள் நிறைய இருக்கிறது. நீ ஓடிப்போகாமல் நின்று பதில் சொல். உனக்குப் பக்கத்தில்தான் நின்று திட்டுவேன். கூட்டம் முடிந்ததும் சாப்பாடு நம் வீட்டில்.

உன் அக்கா
சுகிர்தம்